கிண்ணம் காலியாக இருந்த பத்து நாட்கள்

1983 செப்டம்பர் 21, புதன்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். கிணற்றிலிருந்து இரண்டு குடம் இறைத்து, நான்காக மடித்த துணியில் வடிகட்டினேன். பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து அந்தக் கிணற்றிலேயே அலசிவிட்டேன். துணியில் தங்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தங்கள் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்பது எங்கள் சமண வீடுகளின் வழக்கம். 5.20க்குக் குளித்தேன். 5.58க்குச் சூரிய உதயம். 6.00 மணிக்கு மனைவியின் கை மூடுகிறதா என்று பார்த்தேன்.

கை மூடும் சோதனை என்பது நான் ஏற்படுத்தியது. அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன். இரண்டு உள்ளங்கைகளிலும் ஒவ்வொரு பென்சிலை வைப்பேன். விரல்களை மடக்கிப் பென்சில் நழுவாமல் பிடிக்க எத்தனை நிமிடம் ஆகிறதோ, அதை எழுதுவேன். அவளுக்கு மூட்டு வீக்கம். காலையில் விரல்கள் மரம்போல் இருக்கும், நேரம் போகப் போக இளகும். மருந்து நன்றாக வேலை செய்யும் காலத்தில் பன்னிரண்டு நிமிடம். அன்று தொண்ணூறு நிமிடம் காத்திருந்தும் பென்சில் இரண்டும் விழுந்தன. "மூடவில்லை" என்று எழுதினேன். அட்டவணையில் காரணம் என்ற இடத்தில் "ஈரக் காற்று" என்று எழுதினேன். முந்திய வாரம் மழை பெய்திருந்தது.

இடையில் 6.15க்கு மூன்று அரை மாத்திரைகளைப் பித்தளைக் கிண்ணத்தில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போனேன். 6.20க்குத் திரும்பியபோது கிண்ணம் காலி. மாத்திரைக் கட்டத்தில் குறி போட்டேன்.

அன்று வளர்பிறைச் சதுர்த்தசி, பத்து நாள் தசலட்சண நோன்பின் கடைசி நாள். அவள் நீரும் அருந்தா உபவாசம். முந்திய நாள் அஸ்தமனத்திலிருந்து மறுநாள் உதயம் வரை எதுவும் வாயில் படாது. திருமணமான நாள் முதல் அந்த ஒரு நாளை அவள் விட்டதில்லை. நோய் வந்த பிறகு இரண்டு ஆண்டு விட்டாள், மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால். அந்த இரண்டு ஆண்டையும் அவள் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை. இந்த ஆண்டு மாத்திரைக்கு மட்டும் ஒரு வாய் வெந்நீர், மற்றபடி உபவாசம் என்று பேசி முடித்திருந்தோம். மருந்து உணவாகாது என்று நான் சொன்னபோது அவள் உடனே "சரிங்க" என்றாள். பதினெட்டு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் அவள் உடனே சரி என்ற வேறு சந்தர்ப்பம் என் குறிப்புகளில் இல்லை. நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். சேலையின் கரையில் மயில் வர வேண்டும் என்றால், எந்த இழை எழ வேண்டும், எந்த இழை கீழேயே இருக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிக்குத் துளை போட்ட அட்டைகள் சொல்லும். கட்டம் போட்ட தாளில் வரைந்த படத்தைப் பார்த்து அட்டையில் துளை குத்துவது என் வேலை. எங்கள் வீட்டில் பட்டு உடுத்துவதில்லை, புழுவை வெந்நீரில் போட்டு நூல் எடுப்பதால். ஊரோ பட்டில் நடக்கிறது. அட்டையில் புழு இல்லை என்று என் தந்தை முடிவு செய்து இந்தத் தொழிலில் இறங்கினார். அந்த முடிவை நான் மறுபடி ஆராயவில்லை.

1981 தொடக்கத்தில் அவள் விரல்கள் வீங்கின. முதலில் வலது கை, பன்னிரண்டு நாள் கழித்து இடது கை. பஸ் நிலையத்துக்குப் போகும் சாலையில் மருத்துவமனை வைத்திருந்த லேடி டாக்டரிடம் போனோம். அவர் கிறிஸ்தவர். மேசைக்கு மேலே தினம் ஒரு வசனம் கிழிக்கும் காலண்டர் தொங்கும், ஆனால் அவர் அதைக் கிழிக்க மறந்துவிடுவார். நாங்கள் போன அன்று அது நான்கு நாள் பின்தங்கியிருந்தது. எனக்கு அது உறுத்தியது.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்:

"கையில முள் குத்தினா சிவந்து வீங்குதில்ல? அது முள்ளு பண்றது இல்லம்மா. ரத்தத்துல இருக்கிற வெள்ளை அணுக்கள் வந்து பண்றது. அதுங்க வேலையே அதான். வந்து, சுட்டு, சுத்தம் பண்ணிட்டுப் போயிடணும். உங்களுக்கு முள்ளே இல்ல. ஆனா மூட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டாங்க."

"எங்க வீட்டு விருந்தாளிங்க மாதிரி" என்றாள் மனைவி. "சாப்ட்டாச்சு, வெத்தலை போட்டாச்சு, எழுந்து போவ மாட்டேன்றாங்கோ."

"அதேதான்."

"அப்ப போங்கன்னு சொல்றது யாரு, டாக்டரம்மா?"

டாக்டர் என்னிடம் ஒரு தாள் கேட்டார். என் பையில் பழுதான அட்டை ஒன்று இருந்தது, கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் இரண்டு அவரை விதைகள் வரைந்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குல்லா வைத்தார்.

"இது கிட்னி. இந்தக் குல்லா ஒரு சுரப்பி. விடியற நேரத்துல இதுலருந்து ஒரு சரக்கு ரத்தத்துல இறங்கும். 'போதும், அடங்குங்க'ன்னு அந்த வெள்ளை அணுக்களுக்குச் சொல்ற சரக்கு. பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். மறுநாள் விடிய மறுபடியும். இது ஒரு வழி. இன்னொண்ணு, வெள்ளை அணுக்கள்லயே சிலது மத்ததை அடக்கி வைக்கிற வேலை பாக்குதுன்றாங்க. அப்படி ஒண்ணு உண்டா இல்லையான்னே இன்னும் பெரிய டாக்டர்ங்க சண்டை போட்டுகினு இருக்காங்க."

அதை எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். இதை எழுதும் இன்றுவரை அந்தக் கேள்விக்குறியை அழிக்கும்படி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"சார், இந்த ஓட்டையெல்லாம் எதுக்கு?" என்று டாக்டர் அட்டையைத் திருப்பினார். அவர் பக்கத்து ஊர்க்காரர், ஆரணியில் பத்து ஆண்டாக இருக்கிறார், ஜக்கார்டு அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

நான் விளக்கினேன். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதன் கொக்கி இழையோடு எழும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகிக் கீழேயே நிற்கும்.

"அட்டையே இல்லைன்னா?"

"எல்லாக் கொக்கியும் எழுந்துடுங்க. தடுக்கிறதுதான் அட்டை வேலை."

டாக்டர் அவள் கையைச் சுட்டிக் காட்டினார். "இங்க அதான் சார் நடக்குது. எல்லாம் எழுந்துகினு இருக்குது."

பிறகு சின்ன வெள்ளை மாத்திரை எழுதினார். குல்லாச் சுரப்பியின் சரக்கைப் போலவே செய்த மருந்து. விழுங்கும் முன் மனைவி கேட்டது ஒரே கேள்வி.

"இது அந்த அணுவையெல்லாம் கொன்னுடுதா?"

"அடக்குதும்மா."

"அப்ப சரி."

ஒன்பதாம் நாள் அவள் தானே ஜடை பின்னினாள். இரண்டு மாதத்தில் முகம் உருண்டது. அதுவும் மாத்திரையின் வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கோயிலில் பார்த்தவர்கள் எல்லாரும் உடம்பு தேறிவிட்டதாகச் சொன்னார்கள். "நோவு வந்தப்புறம்தான் லட்சணமா கீறேன்னு சொல்றாங்கோ. முன்னாடி எப்டி இருந்தேனாம்?" என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பதிலும் சரியாக இருக்காது.

மாத்திரையைக் குறைப்பது பற்றி டாக்டர் கடுமையாகச் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து ஆள் வந்து வேலையைச் செய்தால் உள்ளே இருப்பவன் தூங்கிவிடுவான். மாத்திரை தின்னத் தின்னச் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் வெளி ஆளும் இருக்க மாட்டான், உள் ஆளும் எழ மாட்டான். அந்தச் சரக்கு வீக்கத்தை அடக்க மட்டும் அல்ல, ரத்த அழுத்தம், உப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கவும் வேண்டும். அது அறவே இல்லாவிட்டால் ஆள் இல்லை. அதனால் மாதக்கணக்கில், அரையரையாகத்தான் குறைக்க வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது.

இது எனக்குப் பிடித்த வகை உத்தரவு. அட்டை குத்தும் கட்டத் தாளில் அட்டவணை போட்டேன். முதல் கட்டம் தேதி, இரண்டாவது மாத்திரை, மூன்றாவது கை மூடிய நிமிடம், நான்காவது காரணம். நாளுக்கு ஆறு மாத்திரையில் தொடங்கி இரண்டரை ஆண்டில் ஒன்றரைக்கு இறக்கியிருந்தோம். ஒவ்வொரு மாதக் கடைசி நாளும் அடுத்த மாதத்துக்கான மாத்திரைகளைச் சவரப் பிளேடால் இரண்டாக வெட்டிப் பழுப்புப் புட்டியில் போட்டு வைப்பேன். செப்டம்பருக்கு நாற்பத்தைந்து மாத்திரை, தொண்ணூறு அரை. தினம் காலை மூன்று அரை கிண்ணத்துக்கு வரும். கிண்ணம் காலியானால் குறி.

செப்டம்பர் 12 திங்கட்கிழமை தசலட்சணம் தொடங்கியது. அதிலிருந்து நான்காவது கட்டத்தில் "ஈரக் காற்று" வர ஆரம்பித்தது. 12ஆம் தேதி பன்னிரண்டு நிமிடம். 13ஆம் தேதி பதினாறு. 15ஆம் தேதி இருபத்தைந்து. 17ஆம் தேதி நாற்பது. 19ஆம் தேதி அறுபத்தைந்து. 20ஆம் தேதி எண்பது. மாத்திரைக் கட்டத்தில் ஒரு குறி பாக்கியில்லை. குறிகள் சரியாக இருந்ததால் காற்றின்மேல் பழி போட்டேன்.

21ஆம் தேதிக்கு வருகிறேன். காலை கோயிலுக்கு அவளால் வர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்து, கண் இருட்டுகிறது என்று திரும்பிவிட்டாள். உபவாசம் இருப்பவர்களுக்குக் கண் இருட்டும். நான் மட்டும் போய் வந்தேன். 11.10க்கு என் ஒருவேளைச் சாப்பாடு. 12.00 முதல் 4.30 வரை அட்டை குத்தினேன், அன்னக் கரை, நாற்பத்தொரு அட்டை. 2.00 மணிக்கு அவள் படுத்திருந்தாள். 3.30க்கும் படுத்திருந்தாள். மகள் வேலூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

4.40க்குப் பக்கத்துத் தெரு நெசவாளர் தன் அட்டைகளை வாங்க வந்தார். சமணர்களை ஊரில் நயினார் என்றுதான் அழைப்பார்கள், அவரும் அப்படித்தான். அன்னக் கரை அவருக்குத்தான். உள்ளே எட்டிப் பார்த்தவர் அட்டையை மறந்துவிட்டார்.

"நயினாரே, இன்னா இது? அக்கா மூஞ்சி வெள்ளத் துணி மாதிரி கீது."

"உபவாசங்க. நாளைக்குக் காலையில சரியாயிடும்."

"உபவாசம் இருந்தா இப்டியா வேர்க்கும்? தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சில்லென்று இருந்தது. அவள் எழ முயன்றாள், முடியவில்லை, பக்கவாட்டில் சாய்ந்து குமட்டினாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் ஒன்றும் வரவில்லை. பிறகு என்னை மிகவும் மரியாதையாக, "யாருங்க?" என்றாள்.

"ஜல்தி, ஜல்தி" என்று நெசவாளர் தெருவுக்கு ஓடி சைக்கிள் ரிக்‌ஷாவோடு வந்தார். நான் அட்டவணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேறு எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரிக்‌ஷாவில் அவள் தலை என் தோளில் கிடந்தது. 5.20க்கு மருத்துவமனை.

டாக்டர் அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவர் சொன்ன எண்ணை நான் இதுவரை எங்கும் எழுதவில்லை. கையில் நரம்பு தேடிக்கொண்டே கேட்டார்:

"மாத்திரை?"

"ஒரு நாள் விடல டாக்டர்." அட்டவணையை நீட்டினேன்.

அவர் குறிகளைப் பார்க்கவில்லை. நேராக மூன்றாவது கட்டத்துக்குப் போனார். பன்னிரண்டு, பதினாறு, இருபத்தைந்து, நாற்பது.

"சார், உங்க ரெண்டு கட்டமும் ஒண்ணை ஒண்ணு பொய்யாக்குது. ஒண்ணைத்தான் நம்ப முடியும். கை பொய் சொல்லாது. மாத்திரை புட்டி எங்க?"

"வீட்ல."

"கொண்டாரச் சொல்லுங்க."

நெசவாளர் போனார். டாக்டர் நரம்பில் ஒரு ஊசி போட்டார், அதே ஊசி வழியாக உப்பும் சர்க்கரையும் கலந்த பாட்டிலை இணைத்தார். "இதுல அந்தக் குல்லாச் சரக்கு இருக்குது" என்றார், ஊசியைக் காட்டி. "அரை மணி நேரம் பாக்கலாம்." தேறினால் என்ன, தேறாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. பாட்டிலில் சொட்டுகளை எண்ணினேன். நிமிடத்துக்கு எத்தனை என்று கணக்கிட ஆரம்பித்து மூன்று முறை தவறினேன். எனக்கு எண்ணிக்கை தவறுவதில்லை.

5.55க்கு அவள் கண் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், குழாயைக் கண்ணால் தொடர்ந்து தன் கை வரை வந்தாள்.

"டாக்டரம்மா. இது வாய்ல போவுதா?"

"கையில போவுதும்மா."

"வாய்ல ஒரு சொட்டும் போவலயே?"

"போவல."

"அப்ப நோன்பு முறியல."

"முறியல" என்றார் டாக்டர். அவர் அதற்குமுன் எங்கள் நோன்பைப் பற்றித் தீர்ப்பு சொன்னதில்லை. தயக்கமே இல்லாமல் சொன்னார்.

6.08க்குச் சூரிய அஸ்தமனம். 6.15க்குப் புட்டி வந்தது. டாக்டர் ஒரு தட்டில் கொட்டி, காகிதக் கத்தியால் பத்துப் பத்தாக ஒதுக்கினார். தொண்ணூறில் இருபத்தொரு நாளுக்கு மூன்று மூன்றாக அறுபத்து மூன்று போக, இருபத்தேழு இருக்க வேண்டும். ஐம்பத்தேழு இருந்தது. மறுபடியும் நானே எண்ணினேன். ஐம்பத்தேழு. முப்பது அதிகம். பத்து நாள்.

காலை ஐந்து நிமிடத்தில் கிண்ணம் காலியாகிவிடும் என்று மேலே சொன்னேன். நான் பூசைக்குப் போகும் அந்த ஐந்து நிமிடத்தில், மடங்காத இரு கைகளுக்கு நடுவில் அவள் கிண்ணத்தை அணைத்துக் கவிழ்க்க, அவை புட்டிக்கே திரும்பியிருந்தன, கிணற்றுக்குத் திரும்பும் உயிர்களைப் போல. புட்டி பழுப்பு நிறம், மட்டம் தெரியாது. மாதக் கடைசியில்தான் எண்ணுவேன். அவளுக்கு என் ஒழுங்கு முழுவதும் தெரியும், அதனால் அதன் இடுக்குகளும் தெரியும்.

"ஏம்மா?" என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். தசலட்சணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்தவாசிப் பக்கத்திலிருந்து அவள் சித்தி மகள் வந்திருந்தாள். வந்தவளின் கணவருக்கு மருந்துக் கடையில் வேலை. இந்த மாத்திரையின் பெயரைக் கேட்டதும் சித்தி மகள் தன் கணவர் சொன்னதாக ஒன்றைச் சொன்னாள். இது மாட்டை அறுத்து, அதன் சுரப்பியிலிருந்து எடுப்பது.

"ரெண்டரை வருசமா மாட்டைத் தின்னுகினு இருந்திருக்கேன்" என்றாள். "பத்து நாளாவது வேணாம்னு பாத்தேன். பத்து நாள்தானே. அப்புறம் கேட்டுக்கலாம்னு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எழுதிடுவீங்க."

நெசவாளர் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறொன்றா என்று நான் பார்க்கவில்லை.

டாக்டருக்கு முகம் தெளிந்துவிட்டது. நோயாளியின் பயம் என்ன என்று தெரிந்துவிட்டால் டாக்டர்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அது அந்தக் காலத்துக் கதைம்மா. ஆரம்பத்துல மாட்டுலருந்துதான் எடுத்தாங்க. உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பொய் சொல்லல. இப்ப அப்டி இல்ல. இது மாடும் இல்ல, ஆடும் இல்ல. சுத்தமான தாவரம். ஒரு காட்டுக் கிழங்குலருந்து எடுக்கறாங்க."

அவள் சுவரிலிருந்து தலையைத் திருப்பினாள்.

"கிழங்கா?" என்றாள் மனைவி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வந்ததில்லை. வெங்காயம் வந்ததில்லை. கிழங்கைப் பிடுங்கினால் செடி சாகும், மண்ணுக்குள் அதை ஒட்டி வாழும் எண்ணற்ற உயிர்களும் சாகும். எங்களை விருந்துக்கு அழைப்பவர்கள் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான். டாக்டர் வீட்டுக் கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை போயிருக்கிறோம். அவரே கேட்டு, கிழங்கில்லாமல் சமைத்திருந்தார். சொல்லி முடித்த கணத்திலேயே அவருக்கு நினைவு வந்திருக்கும்.

"பேஜாராப் போச்சு" என்றார் வாசலில் இருந்த நெசவாளர், யாரிடமும் இல்லாமல்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு இப்போது புரிந்தது. ஊசியும் பாட்டிலும் ஓர் இரவுக்குத்தான். நாளைக் காலை அந்தக் கிண்ணத்தை அவள் ஏற்றால்தான் உண்டு. அவளை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வாயைத் திறந்து ஊட்டினால் துப்பத் தெரிந்தவள். என் அட்டவணையால் ஒன்றும் செய்ய முடியாது என்பது பத்து நாளாக நிரூபணமாகியிருந்தது.

டாக்டர் சிறிது நேரம் பாட்டிலைச் சரி செய்கிற மாதிரி நின்றார். பிறகு சொன்னார்:

"கிழங்கைப் பிடுங்கினா உயிர் போவும்னு எண்ணறீங்க. சரி. நீங்களும் ஒரு உயிர்தானேம்மா. உங்களை மட்டும் ஏன் எண்ணிக்கையில விட்டுட்டீங்க?"

டாக்டர் அவள் வீங்கிய விரல்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க உடம்புலயே அதே சரக்கு செய்யிற சுரப்பி இருக்குது. மாடும் வேணாம், கிழங்கும் வேணாம். ஆனா அது தூங்குது. ரெண்டரை வருசத் தூக்கம்."

கண் திறந்தாள். "எழுந்துக்குமா?"

"எழுந்துக்கும். ஆனா அடிச்சு எழுப்பினா இன்னிக்கு ஆன மாதிரி ஆவும். கிழங்கை அரையரையா குறைக்கக் குறைக்கத்தான் அதுக்கு 'நம்ம வேலை பாக்கி இருக்குது'ன்னு தெரியும். மூட்டு வலிக்கு வேற மருந்து உண்டான்னு வேலூர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேக்கறேன். அது எதுலருந்து எடுக்கறாங்கன்னும் சேர்த்தே கேக்கறேன்."

"எவ்ளோ நாளாவும்?"

"அதை இவருகிட்டதான் கேக்கணும். இவரு தாள்லதான் இருக்குது."

அட்டவணையைப் பிரித்தேன். ஒன்றரையிலிருந்து பூஜ்யம் வரை, விட்டுப்போன பத்து நாளுக்காக ஒரு மாதம் ஒரே அளவில் நிறுத்தி, பிறகு பாதிப் பாதியாக. அடுத்த தசலட்சணத்துக்கு முன் முடியும் என்றேன். கை மூடும் நிமிடம் அனுமதித்தால் என்பதையும் சேர்த்துக்கொண்டேன், சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

பாட்டில் தீரும் வரை அவள் யோசித்தாள். 7.40க்குத் தீர்ந்தது.

"மாட்டுக்குக் கிழங்கு தேவல" என்றாள். "ஆனா உதயத்துக்கு அப்புறம்தான். அதுவரைக்கும் ஒண்ணும் வாய்ல போடக் கூடாது. போட்டீங்கன்னா அப்புறம் எதுவுமே இல்ல."

"அதுவரைக்கும் ஊசி போடறேன்" என்றார் டாக்டர்.

"ஊசி எதுலருந்து?"

டாக்டர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "அதே கிழங்குதாம்மா. கையில போற கிழங்கு."

அவள் கையை நீட்டினாள்.

நெசவாளரை வீட்டுக்கு அனுப்பினோம். போகும்போது, "நயினாரே, அன்னக் கரை அட்டை நாளைக்கு வந்து எடுத்துக்கறேன். அக்கா, கிழங்கு நல்லாருக்குதான்னு சொல்லுங்க, நாங்க தெனம் துண்றோம்" என்றார். அவள் அவருக்குப் பதில் சொல்லும் அளவுக்குத் தேறியிருந்தாள். பதிலை எழுத வேண்டியதில்லை.

அந்த இரவு மருத்துவமனையிலேயே தங்கினோம். காரணக் கட்டத்தைப் பத்து நாளுக்கும் அடித்து, "ஈரக் காற்று" இருந்த இடங்களில் "கணவன் கிண்ணத்தை மட்டும் பார்த்தான்" என்று திருத்தினேன். குறிகளை அழிக்கவில்லை. தவறாகப் போட்ட குறியும் நடந்த ஒன்றுதான்.

22ஆம் தேதி வியாழக்கிழமை காலை 5.58க்குச் சூரியன் எழுந்ததை ஜன்னலில் இரண்டு பேரும் பார்த்தோம். நான் கடிகாரத்தையும் பார்த்தேன். 6.00 மணிக்கு டாக்டர் வீட்டிலிருந்து வடிகட்டிய நீரில் வைத்த அரிசிக் கஞ்சி வந்தது. அவள் கை மூடாததால் நான் கரண்டியால் ஊட்டினேன், மூன்று வாய். நோன்பு முடிந்து உண்ணும் பாரணை அவ்வளவுதான். பிறகு மூன்று அரை மாத்திரைகளை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தேன். அவள் விழுங்கினாள். விழுங்கியதும், நான் கேட்காமலே, வாயை நன்றாகத் திறந்து, நாக்கை மேலே தூக்கி, இடது கன்னம், வலது கன்னம் என்று முறையாகக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். காலியாக இருந்தது. அதற்குப் பிறகே குறி போட்டேன்.